முதல் வரிக்காரர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை இல்லை, உண்மைதான். அதுவும் கோபம் வந்தால், 'நீ' என்று கூப்பிடுகிற ஆளை 'நீர்' என்று கூப்பிடத் தொடங்கிவிடுவேன். மரியாதை கூடக் கூட ஆபத்து என்று என்னோடு பழகியவர்களுக்குத் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குள் பத்மாசினிக்குப் பதினைந்து 'நீர்' ஆவது கொடுத்திருப்பேன்.

தொண்ணூறாம் ஆண்டு வைகாசி; இங்கிலீசு மே மாதத்தைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். இந்திய ஆமி போய், ரோட்டுத் திறந்து, கொழும்பு ஆட்கள் பயமில்லாமல் வந்துபோன இரண்டு மூன்று மாதம் ஒன்று இருந்ததே, அந்த நேரம். கொழும்பிலிருந்து கண் டொக்டர்மார் மூன்று நாளைக்கு வருகிறார்கள், இருநூற்று நாற்பது பேருக்குக் கண்ணில் படர்ந்த வெள்ளையை எடுக்கப்போகிறார்கள் என்றதும், மருதனார்மடச் சந்தியில் இருந்த எங்கள் கண் உதவிச் சங்கத்துக் கந்தோர் கலியாண வீடாகிவிட்டது. பன்னிரண்டு ஊர். ஊருக்கு இருபது பேர். பதிவு செய்ய வந்த வரிசைப்படி பெயர்.

போன முறை பட்டியலைக் கையால் எழுதியிருந்தோம். கடைசி நேரத்தில் யார் யாரோ பேனையால் தங்கள் ஆட்களைச் செருகிவிட்டார்கள். செருகப்பட்டவரின் மச்சானும் விடுபட்டவரின் மருமகனும் ஆசுபத்திரி வாசலில் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுபட்டார்கள். அதனால் பெரிய டொக்டர் அம்மா இந்த முறை கடிதத்திலேயே எழுதிவிட்டார்: மெசின் அச்சடித்த பட்டியல்தான் பட்டியல். அதில் பேனையால் ஒரு பெயர் எழுதியிருந்தாலும் அந்த ஆளைத் தொடமாட்டேன். செவ்வாய் மத்தியானம் ஒரு மணிக்கு வாகனம் வரும், பட்டியலைக் கொடுக்கவேண்டும்.

மெசின் என்றால் எங்களிடம் இரண்டு இருந்தன. ஒன்று, சங்கத்து உறுப்பினர் ஒருவரின் மகன் லண்டனில் தன் கொம்பனி கழித்துவிட்டதைக் கப்பலில் ஏற்றி அனுப்பிய பெரிய கொம்பியூட்டர். அலுமாரி உயரம், ஒரு பச்சைத் திரை, ஒரு பிரிண்டர், புத்தகம் கித்தாப்பு ஒன்றும் இல்லை. அதைப் 'பெரிசு' என்போம். மற்றது மேசையில் வைக்கிற சின்னக் கொம்பியூட்டர், பெயர் 'சின்னன்'. பத்மாசினி சின்னனில் பட்டியலை அடிப்பாள். நான் கணிதம் படித்தவள் என்ற ஒரே குற்றத்துக்காகப் பெரிசைப் பார்த்துக்கொண்டேன். பெரிசு ஒரு டொலர் குறியைக் காட்டிவிட்டு, என்ன செய்யவேணும் சொல் என்று காத்துக்கொண்டிருக்கும். சின்னனில் அடித்ததை ஒரு வயர் வழியாக அந்த டொலர் குறிக்கு முன்னால் அப்படியே கொட்டிவிடுவோம். அதற்கு எங்கள் கந்தோரில் 'ஊத்துறது' என்று பெயர். ஊற்றியதும் பெரிசு ஒவ்வொருவருக்கும் நாளும் இலக்கமும் போட்டு அச்சடித்துத் தரும்.

திங்கட்கிழமை பின்னேரம் ஊற்றினோம், அச்சடித்தோம். செவ்வாய் காலை சுவரில் ஒரு பிரதியை ஒட்டிவிட்டு, நான் ராசாத்தி மாதிரிக் கதிரையில் சாய்ந்து இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஹனீபா நானா வந்தார். யாழ்ப்பாணம் நகரத்தில் தையல்கடை வைத்திருப்பவர், ஐம்பத்துநாலு வயது. இரண்டு கண்ணும் வெள்ளை. ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. கதவு நிலையைக் கையால் தடவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"தங்கச்சி, டவுண் தாளிலை முதல் பேர் என்டதாத்தான் இருக்கும். விடியச் சுபஹு தொழுத கையோட வந்து லைனிலை நிண்டவன் நான். என்ட நம்பரை ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன். முதல் பெயர் மார்க்கண்டு.

"அந்தாள் எனக்குப் பின்னால நிண்டது. இருமி இருமி நிண்டது. வடிவாப் பாருங்கோ."

வடிவாகப் பார்த்தேன். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். ஹனீபா என்று ஒரு பெயர் அந்தத் தாளில் இல்லை. எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது பேர்தான். தெல்லிப்பழைத் தாளை எண்ணினேன், பத்தொன்பது. அச்சுவேலியை எண்ணினேன், பத்தொன்பது. பன்னிரண்டு தாளிலும் ஒவ்வொருவர் இல்லை.

ஹனீபா நானா கதிரையின் விளிம்பில் இருந்தார். "நாலு மாசமா மகள்தான் ஊசி கோத்துத் தாறா" என்றார், என்னிடமா சுவரிடமா என்று தெரியாமல். "கத்தரி போடுறதை விட்டாச்சு. போன மாசம் ஒரு கலியாணக் கோட்டுத் துணியை வெட்டி நாசமாக்கினன். இதையும் விட்டா அடுத்த டொக்டர் எப்ப வருவார் தங்கச்சி?"

எப்போது வருவார் என்று எனக்கு மட்டும் தெரியுமா? ரோட்டு எத்தனை நாளைக்குத் திறந்திருக்கும் என்றே ஒருவருக்கும் தெரியாது. இந்தப் பன்னிரண்டு பேருக்கும் இன்றைக்கு ஒரு மணி தப்பினால் தப்பினதுதான்.

"பத்மாசினி! இங்கை வாரும்!"

பத்மாசினி ஓடி வந்தாள். இருபத்துநாலு வயது, ஒல்லி, காதில் பூத்தோடு. ஒவ்வொரு தாளிலும் முதல் ஆளை விட்டிருக்கிறீரே, நித்திரையில் அடித்தனீரா, கண் தெரியாத சனத்தின் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம் என்று யார் உமக்குச் சொன்னது என்று நான் தொடங்கினேன். அவள் அழுதுகொண்டே, "அடிச்சனான் அக்கா, எல்லாரையும் அடிச்சனான்" என்றாள்.

"அடிச்சனீரெண்டா எங்கை? பறந்து போச்சுதோ?"

அவள் சின்னனைப் போட்டு, யாழ்ப்பாண நகரத் தாளைத் திறந்து காட்டினாள். முதல் வரியில் ஹனீபா என்று ஆங்கில எழுத்தில் குத்துக்கல்லாக நின்றது. எங்கள் மெசின்களுக்குத் தமிழ் தெரியாது, பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம். நான் பெயரைப் பார்த்தேன். பெயருக்கு வலப்பக்கம் பார்க்கவில்லை. இரண்டு நல்ல கண் இருந்தும் பார்க்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"சரி. அழாதை" என்றேன். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. 'நீர்' திரும்ப 'நீ' ஆனதையே அவள் மன்னிப்பாக எடுத்துக்கொள்ளவேண்டும்.

சின்னனில் இருக்கிறது, அச்சில் இல்லை. அப்படியானால் நடுவில் ஏதோ நடக்கிறது. பெரிசின் பச்சைத் திரையில் போய், நேற்று ஊற்றியது உள்ளே எப்படிக் கிடக்கிறது என்று பார்த்தேன். ஒவ்வொரு ஊரின் முதல் வரியிலும் ஊர் இருந்தது, வயது இருந்தது, எந்தக் கண் என்பதும் இருந்தது. பெயரை மட்டும் காணவில்லை. யாழ்ப்பாணம், ஐம்பத்துநாலு, இரண்டு கண்ணும். ஆள் யார்? ஆள் இல்லை. பெயரில்லாத வரிக்கு இலக்கம் கொடுக்காதே என்று பெரிசுக்கு எழுதி வைத்த கெட்டிக்காரியும் நான்தான். அது சொன்னபடி பன்னிரண்டு பேரையும் தள்ளி வைத்துவிட்டது.

இதற்குள் சங்கச் செயலாளர் நமசிவாயம் உள்ளே வந்தார். இளைப்பாறிய ரயில் நிலைய அதிபர், எங்களுக்கெல்லாம் 'மாஸ்ரர்'. பட்டியலில் ஊர்களைக்கூடக் காங்கேசன்துறையில் இருந்து ரயில் வருகிற ஒழுங்கில்தான் வைத்திருந்தார். ரயில் போகாத அச்சுவேலிக்கும் இடையில் ஒரு தரிப்பிடம் கொடுத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சட்டைப் பையில் இருந்து மணிக்கூட்டை எடுத்தார்.

"இப்ப பத்து அம்பது. பன்னிரண்டரைக்குக் கரண்ட் போகும். பிரிண்டர் பன்னிரண்டு தாள் அடிக்கப் பதினைஞ்சு நிமிஷம். பிள்ளை, பன்னிரண்டு பத்துக்கு வண்டி வெளிக்கிடவேணும்."

"நீங்கள் பதட்டப்படுத்தாமல் இருங்கோ மாஸ்ரர்."

"நான் பதட்டப்படுத்தேல்லை. நேரம் சொல்லுறன்."

திரும்ப ஊற்றினோம். பெரிசுக்கு ஒரு பழக்கம், காதில் விழுவதை அப்படியே திருப்பிச் சொல்லும். அது சின்னனின் திரையில் ஓடும். நாங்கள் மூன்று பேரும் திரையில் மூக்கு முட்டக் குனிந்து நின்றோம். பெயர்கள் மழை மாதிரி ஓடின. கடைசித் தாள் வந்தபோது பத்மாசினி, "அந்தா! ஹனீபா!" என்று கத்தினாள். நானும் கண்டேன். மாஸ்ரரும் கண்டார். ஓடிப்போய்ப் பெரிசைத் திறந்து பார்த்தோம். யாழ்ப்பாணம், ஐம்பத்துநாலு, இரண்டு கண்ணும். பெயர் இல்லை.

"வண்டி வந்தது, எல்லாரும் கண்டனாங்கள், ஆள் மட்டும் இறங்கேல்லை" என்றார் மாஸ்ரர்.

எனக்கு விசர் வந்தது. விசரோடு சேர்ந்து ஒரு உசாரும் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பன்னிரண்டு பேரின் கண் தொங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் எனக்கு நெஞ்சு படபடவென்று சந்தோசமாக அடித்தது. கண் முன்னால் வந்த பெயர் எங்கே போகும்? கண்டுபிடித்தே தீருவேன் என்று சாறித் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினேன்.

வேகம்தான் பிழை என்று முதலில் நினைத்தேன். வேகமாக ஊற்றினால் சிந்தத்தானே செய்யும்? வேகத்தை முப்பதில் ஒரு பங்காகக் குறைத்தேன். இந்த முறை எழுத்துகள் ஒவ்வொன்றாக, எறும்பு ஊர்வது போல வந்தன. பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் மாஸ்ரர் வாய் திறக்கவில்லை, மணிக்கூட்டை மட்டும் திறந்து திறந்து மூடினார். ஒவ்வொரு தாளின் முதல் வரியிலும் பெயருக்குப் பிறகு வரி முறிந்து கீழே இறங்கியது போல எனக்கு ஒரு தோற்றம். கண் கூச்சமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே பார்த்தோம். அதே பன்னிரண்டு பேர் இல்லை.

"வயர் பழசு, அதுதான்" என்றார் மாஸ்ரர். வயரைக் கழற்றிப் பல்லைத் துடைத்து மாட்டினேன். ஊற்றினோம். அதே பன்னிரண்டு. மணி பதினொன்று இருபத்தைந்து.

மூலையில் இருந்த ஹனீபா நானா தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, நான் மெசின் தெரியாதவன். ஒண்டு கேக்கலாமோ? ஒவ்வொரு முறையும் அதே ஆக்கள்தானா போறது? வேற ஆக்கள் போறதில்லையா?"

"அதே ஆக்கள்தான்."

"அப்ப வேகமும் இல்லை, வயரும் இல்லை. துணி நைஞ்சு போனா கண்ட கண்ட இடத்திலை கிழியும். பத்துச் சட்டையும் ஒரே இடத்திலை கிழிஞ்சா, கத்தரியிலை அந்த இடத்திலை ஒரு பல்லு விழுந்திருக்கு எண்டு அர்த்தம். அந்த வரியிலை என்னமோ இருக்குது. தேடுங்கோ."

கணிதம் படித்த எனக்குத் தையல்காரர் பாடம் எடுக்கவேண்டி வந்ததே என்று ஒரு கணம் சுருக்கென்றது. ஆனால் மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த வரியை மட்டும் ஊற்றாமல் கையால் அடித்துப் பார்ப்போம் என்று நான் சின்னனின் முன்னால் குந்தி, பதிவுப் புத்தகத்தைப் பார்த்து அடித்தேன். ஹனீபா. இடைவெளி. யாழ்ப்பாணம். ஐம்பத்துநாலு. இரண்டு கண். போய்ப் பெரிசைத் திறந்தால், பெயரோடு முழு வரியும் இருந்தது!

"வந்திட்டுது!" என்று நான் போட்ட சத்தத்தில் சந்தைப் பக்கம் நின்ற வெங்காய லொறிக்காரன் எட்டிப் பார்த்தான்.

"பத்மா, நீ அடி. அதே வரி."

பத்மாசினி அடித்தாள். போய்ப் பார்த்தேன். பெயர் இல்லை.

திரும்ப நான் அடித்தேன். பெயர் இருந்தது. திரும்ப அவள். பெயர் இல்லை. ஒரே கதிரை, ஒரே விசைப்பலகை, ஒரே வயர். நான் அடித்தால் ஆள் வருகிறார், அவள் அடித்தால் ஆள் போய்விடுகிறார்.

பத்மாசினி கைகளை மடியில் ஒளித்துக்கொண்டாள். "என்ரை கை அக்கா. என்ரை கைதான் சரியில்லை. நான் தொட்டதெல்லாம் உப்பிடித்தான்." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. காலையில் நான் பேசிய பேச்சு எல்லாம் அந்தக் கண்ணீரில் கிடந்தது.

"கையாவது காலாவது! விசர்க்கதை கதையாதை. இன்னொருக்கா அடி. மெதுவா. ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிச் சொல்லி அடி. நான் உன்ரை விரலைப் பாக்கிறன், மாஸ்ரர் திரையைப் பாக்கட்டும்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடங்கினாள். எச். ஏ. என். பெயரை முடித்தாள். இடைவெளி, இடைவெளி, இடைவெளி என்று சொன்னாள். பிறகு ஒரு கணம் கண்ணை மூடினாள். இரண்டு விரலால் ஏதோ ஒரு விசையைத் தட்டினாள். பிறகு, "வை" என்று யாழ்ப்பாணத்தைத் தமிழ் ஓசைப்படி உளறி, "இல்லை, ஜே" என்று தொடங்கினாள்.

"நில்!" என்றார் மாஸ்ரர். "வரி முறிஞ்சுது. அந்த மினுங்கிற கட்டை தானாக் கீழை பாஞ்சுது. ஆரும் கொடி காட்டாமல்."

"இப்ப என்ன அடிச்சனி?" என்றேன்.

"ஒண்டுமில்லை அக்கா."

"ஒண்டுமில்லாட்டி ஏன் கண்ணை மூடினனி?"

பத்மாசினி என்னையும் மாஸ்ரரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பிள்ளையார் சுழி" என்றாள்.

மாஸ்ரர் திரையை விட்டு நிமிர்ந்தார்.

"தலைப்பு வேண்டாம், ஒரு வரியும் வீணாக்கக்கூடாது, தாளுக்கு இருவது வரி, வரிக்கு ஒரு ஆள் எண்டு நீங்கள்தானே அக்கா சொன்னீங்கள். ஒரு வரி கூடினா இலக்கம் எல்லாம் பிழைச்சுப் போகும் எண்டும் சொன்னீங்கள். பிள்ளையாருக்கு வரி இல்லாமல் போச்சு. சுழி போடாமல் எனக்குத் தாள் தொடங்க ஏலாது, கை வராது. அதாலை முதல் ஆளின்ரை வரியிலை, பேருக்கும் ஊருக்கும் நடுவிலை இடம் கிடந்தது, அதுக்குள்ளை அவரை வைச்சனான். உ எழுத்து விசையிலை இல்லை. சுழிச்சுக்கொண்டு நிக்கிற குறி இது ஒண்டுதான்."

விரலால் காட்டினாள். கடைக்காரர் விலை எழுதும்போது போடுகிற குறி: @.

நான் அவளைத் தள்ளாத குறையாகக் கதிரையில் இருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். என் பெயரை அடித்தேன். அருந்ததி. பக்கத்தில் அந்தச் சுழி. அதற்குப் பக்கத்தில் மாஸ்ரரின் பெயர். நமசிவாயம். உள்ளே போய்ப் பார்த்தால் நமசிவாயம் மட்டும் இருந்தார். என்னைக் காணவில்லை!

"என்னைத் திண்டிட்டுது!" என்று கத்தினேன். "மாஸ்ரர், என்னைத் திண்டிட்டுது!" என் பெயர் அழிந்து போனதற்கு நான் இவ்வளவு சந்தோசப்படுவேன் என்று யார் நினைத்தார்கள்.

பெரிசுக்கு நாங்கள் ஊற்றுகிறோமா, யாரோ ஒரு ஆள் இருந்து அடிக்கிறாரா என்று தெரியாது. அதற்கு எல்லாம் விரல்தான். விரல் என்றால் பிழை விடும். பிழை விட்ட ஆள், 'இந்த வரியில் இதுவரைக்கும் அடித்ததை மறந்துவிடு' என்று சொல்ல ஒரு விசை வேண்டுமே? அதைத்தான் அது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பெரிசிடமே கேட்டேன்: வயர் வழியாக வருகிறவர்களுக்கு உன்னுடைய சட்டதிட்டம் என்ன, எல்லாம் சொல். ஒரு கொத்து வரிகளைக் காட்டியது. நடுவில் 'கில்' என்று, கொல் என்கிற இங்கிலீசுச் சொல், ஒரு சமக்குறி, அதற்குப் பக்கத்தில் பத்மாசினியின் பிள்ளையார்.

பச்சைத் திரைக்கு லண்டன்காரன் வேறு விசை மாற்றி வைத்திருந்தான். வயர் வாசலை அவன் தொடவில்லை, நானும் தொடவில்லை. பத்மாசினி ஒவ்வொரு தாளிலும் பக்தியோடு முதல் ஆளின் பெயரை அடித்து, பக்கத்திலேயே 'இவரை அழித்துவிடு' என்று கட்டளை போட்டிருக்கிறாள். அதற்கு வழி பண்ணிக் கொடுத்தது, பிள்ளையாருக்கு ஒரு வரி விடாத நான்.

"பதினொண்டு அம்பத்தெட்டு" என்றார் மாஸ்ரர்.

பத்மாசினி கண்ணைத் துடைத்தாள். "பன்னிரண்டு சுழிதானே அக்கா. எடுத்துவிடுறன். பிள்ளையார் கோவிக்கமாட்டார்."

அதுதான் சுகமான வழி. ஆனால் அவள் அதைச் சொன்ன விதத்தில் எனக்குத் திரும்பவும் மூக்கு நுனிக்கு ஏறிவிட்டது. இந்த முறை அவளில் இல்லை.

"ஏன் எடுக்கவேணும்? ஆரோ ஒரு கொம்பனிக்காரன் தன்ரை வசதிக்கு ஒரு விசையை வைச்சானாம், அதுக்காக நாங்கள் எங்கடை பழக்கத்தை எடுக்கிறதோ? உது எங்கடை கந்தோரிலை இருக்கிற மெசின். உது எங்களைப் பழகட்டும்."

டொலர் குறிக்கு முன்னால் ஒரே ஒரு வரி அடித்தேன்: அழிக்கிற வேலையை இந்தக் குறியிடம் இருந்து எடுத்து, ஒருவரும் தவறுதலாகத் தட்டாத இரட்டை விசைக்குக் கொடு. பெரிசு மறுபேச்சுப் பேசாமல் இன்னொரு டொலர் குறியைக் காட்டியது. அவ்வளவுதான்.

ஊற்றினோம். பழைய வேகத்தில், மழை மாதிரி. உள்ளே பார்த்தேன். ஹனீபா, சுழி, யாழ்ப்பாணம், ஐம்பத்துநாலு. தெல்லிப்பழையில் கதிரவேலு. அச்சுவேலியில் மீனாம்பிகை. பன்னிரண்டு பேரும் வந்து அவரவர் வரியில் நின்றார்கள். பத்மாசினி ஒவ்வொரு பெயராக வாசித்து வாசித்துக் கைதட்டினாள். மாஸ்ரர் தன் பழைய வேலையை நினைத்தோ என்னவோ, சட்டைப் பையில் இருந்த பச்சைக் கைலேஞ்சியை எடுத்து ஒருதரம் ஆட்டினார்.

பன்னிரண்டு ஒன்பதுக்குப் பிரிண்டர் கத்தத் தொடங்கியது. ஒவ்வொரு தாளாக வர, நான் கிழிக்க, பத்மாசினி எண்ண, இருபது, இருபது, இருபது. ரயில் ஒழுங்கில் யாழ்ப்பாணம் கடைசி. அந்தத் தாள் வந்ததும் ஹனீபா நானாவின் விரலைப் பிடித்து முதல் வரியில் வைத்தேன். பிரிண்டர் குத்திய தடத்தை அவர் தையல் பார்ப்பது போலத் தடவிப் பார்த்தார். மணி பன்னிரண்டு இருபத்தாறு. நாலு நிமிடத்தில் கரண்ட் போய் எல்லாம் அமைதியானது.

ஒரு மணிக்குக் கால்மணி முன்னதாகவே வாகனம் வந்துவிட்டது. பெரிய டொக்டர் அம்மாவே இறங்கினார். குள்ளம், நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். பட்டியலை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பாதியில் நிறுத்தினார்.

"இது என்ன குறி?"

அவர் விரல் பிள்ளையாரில் நின்றது.

"ஒரு தாளுக்கு ஒருத்தர். அவருக்கு மட்டும் பக்கத்துல ஒரு குறி. பேனாவால எழுதக்கூடாதுன்னு சொன்னதால மெஷினிலேயே சிபாரிசா? இவங்கெல்லாம் யாருடைய ஆட்கள்?"

திரும்ப அச்சடிக்கக் கரண்ட் இல்லை. விசை, வயர், வரி என்று நான் தொடங்கினால் விடியும். மாஸ்ரர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்மாசினி நிலத்தைப் பார்த்தாள்.

ஹனீபா நானா எழும்பி, டொக்டரின் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"டொக்டர், அது இந்தப் பிள்ளையட பிள்ளையார். தாள் தொடங்கேக்கை ஒருக்காப் போடுறது. தனியா ஒரு வரி குடுக்க இடம் இல்லாமல், முதல் வந்த ஆளுக்குப் பக்கத்திலை இருத்தியிருக்கிறா. டவுண் தாளிலை முதல் வந்தவன் நான். ஹனீபா. எனக்குப் பிள்ளையார் சிபாரிசு செய்வாரா? நீங்களே சொல்லுங்கோ."

டொக்டர் அம்மாவின் வாய் ஓரம் அசைந்தது.

"நானும் அல்லாவை நினைச்சு அளவுப் புத்தகத்திலை 786 போட்டுத்தான் முதல் அளவை எழுதுறவன்" என்றார் ஹனீபா நானா. "அதுக்காக அந்த முதல் ஆளுக்குக் கூலியிலை கழிவு குடுக்கிறதில்லை."

டொக்டர் அம்மா சிரித்துவிட்டார். பேனையைத் திறந்து பட்டியலின் அடியில் கையெழுத்துப் போட்டார். பிறகு சட்டைப் பையில் இருந்த சின்ன டோர்ச்சை எடுத்து, அங்கேயே நின்றபடி ஹனீபா நானாவின் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தார். "நாளைக்குக் காலையில முதல் ஆளா வாங்க" என்றார். வாகனம் போனபிறகு நானும் பத்மாசினியும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் குதித்தோம். எனக்கு அப்போது முப்பத்துமூன்று வயது, வெட்கமே இல்லை.

ஆனி பிறந்த கையோடு ஹனீபா நானா தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு கந்தோருக்கு வந்தார். வந்ததும் வராததுமாக என் முகத்துக்கு நேரே குனிந்து, "தங்கச்சி நீங்கள்தானா? குரலைக் கேட்டு நல்ல உயரமா இருப்பீங்கள் எண்டு நினைச்சன்" என்றார். பைக்குள் இருந்து நீலத் துணியில் பெரிசுக்கு ஒரு உறை எடுத்தார். மூலையில் ஒரு தையல் மிச்சம் வைத்திருந்தார். எங்கள் முன்னாலேயே ஊசியை எடுத்து, நூலை எச்சில் படுத்தி, ஒரே தரத்தில் கோத்தார். பத்மாசினி கைதட்டினாள். அவளிடம் குறியைக் காட்டச் சொல்லி, உறையின் மூலையில் சிவப்பு நூலால் அந்தச் சுழியைப் போட்டு முடிச்சுப் போட்டார்.

அடுத்த கிழமை ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கியது. கரண்ட் போனது போனதுதான். பெரிசு அந்த நீல உறைக்குள் போய்ப் படுத்தது.

ஐப்பசி முப்பதாந்திகதி நகரத்து முஸ்லிம் சனம் முழுவதையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொல்லி இயக்கக்காரர் அனுப்பினார்கள். எனக்குக் கேள்விப்பட அடுத்த நாளாகிவிட்டது. சைக்கிளில் போனேன். தையல்கடைக் கதவு திறந்து கிடந்தது. அளவுப் புத்தகம் ஒன்று நிலத்தில், முதல் பக்கத்தில் 786. வாசலில் துவக்கோடு இரண்டு பெடியள் நின்றார்கள். என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் கோபப்படுகிற நான், அன்றைக்கு ஒரு சொல் சொல்லவில்லை. பயம். வேறொன்றும் இல்லை.

அடுத்த வருடம் ஊர் டொக்டர்மாரை வைத்தே சின்னதாக ஒரு கண் முகாம் நடத்தினோம். மெசின் இல்லை, பத்மாசினி பழைய டைப்ரைட்டரில் பட்டியல் அடித்தாள். தாளுக்கு இருபது வரி, வரிக்கு ஒரு ஆள் என்ற பழைய சட்டம் அப்படியே இருந்தது. நான் ஒவ்வொரு தாளாக எண்ணிக்கொண்டு வந்தேன். யாழ்ப்பாண நகரத் தாளில் இருபத்தொரு வரி. முதல் வரியின் நடுவில் சுழி இருந்தது. அதற்கு இடப்பக்கம், போன வருடம் ஹனீபா என்று இருந்த இடத்தில், அவள் ஒன்றும் அடிக்காமல் விட்டிருந்தாள்.

நான் அந்த வரியை வெட்டாமல் அடுத்த தாளை எடுத்தேன்.